விளக்கு வைக்கிற நேரம் எத்தனை மணி?

இந்தக் கிழமைக்குரிய பத்தியை எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். சத்தியமாக.

வெளியே முப்பத்து மூன்று பாகை. நான் இருப்பது லண்டன் நோர்பரியில், ஒரு வீட்டின் கூரைக்கு நேர் கீழே, ஒரு சின்ன அறையில். இந்த ஊரில் வீடு கட்டினவர்கள் எல்லோரும் குளிருக்குப் பயந்து கட்டியிருக்கிறார்கள். சூடு உள்ளே வந்தால் திரும்பிப் போக வழி வைக்கவில்லை. மடியில் லாப்டொப்... அது தோசைக்கல். எழுதுகிறேனா, வேகிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

இதற்குள் நண்பன் நிசாந்தன் போன் எடுத்தான். இந்த வெயிலுக்குள் உன்னுடைய பத்தியை யார் வாசிக்கப் போகிறார்கள், மூடி வைத்துவிட்டு வா, விம்பிள்டன் பக்கம் போய்க் குளிர ஏதாவது குடிப்போம் என்றான். நியாயமான பேச்சு. ஆறு மணிக்கு ஸ்ரேசன் வாசலில் நில், வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

லாப்டொப்பை மூடப் போன நேரம், கீழே ராணி அன்ரி சிரிக்கிற சத்தம் கேட்டது.

அந்தச் சிரிப்பு இந்த வீட்டில் ஆறு நாளாக இல்லை. நேற்றுத்தான் திரும்பி வந்தது. அது தொலைந்ததிலும் எனக்குப் பங்கு உண்டு, கிடைத்ததிலும் உண்டு. ஆறு மணிக்கு இன்னும் நேரம் இருக்கிறதுதானே... சொல்லிவிட்டே போகிறேன்.

ராணி அன்ரி இந்த வீட்டின் சொந்தக்காரி. வயது எழுபத்தொன்று. இருபது வருஷம் ஆஸ்பத்திரிச் சமையலறையில் நின்றுவிட்டு இப்போது பென்ஷன். கீழே அவர், மேலே நான். வாடகை ஒப்பந்தத்தில் சாப்பாடு கிடையாது. ஆனால் மோர் உண்டு. பச்சை மிளகாயும் சின்ன வெங்காயமும் நறுக்கிப் போட்ட மோர். நான் இந்த வீட்டை விட்டுப் போகாததற்கு அதுதான் காரணம். அறை என்று நினைத்தவர்கள் ஒருமுறை வந்து அறையைப் பாருங்கள்.

கோடை வந்தால் வயதானவர்கள் வாடிப் போவார்கள் என்று நினைத்திருந்தேன். ராணி அன்ரிக்கு வயது குறைகிறது.

விடிய ஐந்து மணிக்கு வீட்டு யன்னல் எல்லாம் திறபடும். என்னுடையதும்தான் — கதவில் விழுகிற அடியில் நானே எழும்பித் திறப்பேன். எட்டரைக்கு எல்லாம் பூட்டு, திரைச்சீலையை இழு. சூரியனுக்கு வீட்டைக் காட்டக் கூடாது என்பது அன்ரியின் கொள்கை. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் எல்லா யன்னலையும் அகலத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே பொரிந்துகொண்டிருப்பார். எங்கள் அன்ரி இருட்டுக்குள், ஈரத் துவாய் தோளில், இரண்டு காலும் தண்ணீர்ப் பேசினுக்குள்... மகாராணி மாதிரி சீரியல் பார்ப்பார்.

வயதானவர்கள் வெயிலில் சுகமாக இருக்கிறார்களா என்று விசாரிக்க நகரசபையில் இருந்து ஒரு பிள்ளை போன் எடுத்தது. தண்ணீர் குடியுங்கள், வெளியே போகாதீர்கள் என்று சொல்லத்தான் எடுத்தது. பத்து நிமிஷம் கழித்து நான் கீழே போனால், அன்ரி அந்தப் பிள்ளைக்கு யோகட்டில் மோர் அடிப்பது எப்படி என்று வகுப்பு நடத்துகிறார். "யூ மஸ்ட் புட் சோல்ட், பிள்ளை."

வெளியே போகாதீர்கள் என்றால் கேட்கிற ஆளா? வயதானவர்களுக்கு இலவசமாக, ஒன்பது மணிக்கு முன்னால் செல்லாத பஸ் பாஸ் ஒன்று இருக்கிறது. ஒன்பது அடித்து ஒரு நிமிஷத்துக்கு அன்ரி பஸ் தரிப்பில் நிற்பார், குடையோடு. ஒருநாள் அங்கே நின்ற கிழவர் ஒருவர், மழை பெய்கிறதா என்று பகிடி விட்டார். அன்ரி குடையைக் கொஞ்சம் சரித்து அவருக்கும் பாதி நிழல் கொடுத்தார். இப்போது அந்தக் கிழவர் ஒவ்வொரு நாளும் அதே நேரத்துக்கு அங்கே நிற்கிறார். பஸ்ஸுக்குத்தானாம்.

அதற்காகக் கோடை முழுக்கச் சந்தோஷம் என்று நினைக்காதீர்கள். காயப் போட்ட உடுப்பெல்லாம் பக்கத்து வீட்டு பாபர்கியூ மணக்கும். அன்ரி கண்ணயருகிற அந்த இருபது நிமிஷத்துக்குள்தான் ஐஸ்கிறீம் வான் பாட்டோடு வரும். போதாததற்கு அணில். தோட்டத்தில் அன்ரி வைத்த பச்சை மிளகாயைக் கடித்துவிட்டு ஒன்று வேலியில் ஆடிய ஆட்டத்தை நான் என் கண்ணால் பார்த்தேன். அடுத்த நாளும் அது வந்தது. "எங்கட ஆக்கள்தான் போல கிடக்கு," என்றார் அன்ரி.

ஆனால் இதெல்லாம் சில்லறைக் கரைச்சல். பெரிய கரைச்சல் வெளிச்சம்.

அன்ரி பொழுதுபட்டால்தான் சாமிக்கு விளக்கு வைப்பார். விளக்கு வைத்த பிறகுதான் இரவுச் சாப்பாடு. நல்ல பழக்கம். ஆனால் ஜூலை மாத லண்டனில் பொழுது எத்தனை மணிக்குப் படும்? ஒன்பதே காலுக்கு. எட்டு மணிக்கே வயிறு கத்தத் தொடங்கும். அன்ரி குசினி யன்னலால் எட்டிப் பார்த்துச் சூரியனோடு பேசுவார். "போவன். உனக்கு வேற இடம் இல்லையே போறதுக்கு?" குளிர்காலத்தில் எல்லாம் தலைகீழ். நாலு மணிக்கு விளக்கு, ஐந்து மணிக்குச் சாப்பாடு, எட்டு மணிக்குத் திரும்பவும் பசி.

பேசாமல் ஆறு மணிக்கு வைத்தால் என்ன அன்ரி என்று ஒருநாள் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"வெளிச்சத்திலை விளக்கு வைக்க நான் என்ன கமலாவே?"

கமலா அன்ரி, ராணி அன்ரியின் தோழி. எழுபத்திரண்டு வயது. எங்கள் பார்க்குக்கு அந்தப் பக்கம் மகனோடு இருக்கிறார். லண்டனுக்கு வருமுன் ஜேர்மனியில் இருபத்து மூன்று வருஷம். அங்கே இருந்தவர்களுக்கு நேரம் என்றால் மணிக்கூடு, அவ்வளவுதான். வானத்தைப் பார்க்கிற வேலையே இல்லை. கமலா அன்ரியின் போனில் ஆறு மணிக்கு அலாரம் அடிக்கும், விளக்கு எரியும். வெளியே நடுப்பகலாக இருந்தாலும் சரி, நடுச்சாமம் மாதிரி இருந்தாலும் சரி... ஆறு என்றால் ஆறு.

இதை வைத்து இரண்டு பேருக்கும் பன்னிரண்டு வருஷச் சண்டை. சூரியன் பெரிதா, மணிக்கூடு பெரிதா? ஒருத்தரும் ஒரு அங்குலம் விட்டுக் கொடுத்ததில்லை. வருஷத்தில் இரண்டே நாள்தான் சமாதானம் — மார்ச்சில் ஒன்று, ஒக்ரோபரில் ஒன்று. அந்த இரண்டு நாளும் லண்டனில் சரியாக ஆறு மணிக்குப் பொழுதுபடும். அன்றைக்கு ஒருவருக்கொருவர் போன் எடுத்து, இன்றைக்கு நீ சரி என்று பாராட்டிக் கொள்வார்கள்.

மற்றபடி கோடைக்காலப் பின்னேரங்களில் இரண்டு பேரையும் பார்க்கில் பார்க்கலாம். பெரிய மரத்துக்குக் கீழே உட்கார ஒரு மர வாங்கு, கைக்கு ஒரு ஐஸ்பழம். இரண்டு பேருக்கும் சுகர் இருக்கிறது. பிள்ளைகளுக்கு ஐஸ்பழம் பற்றித் தெரியாது. (அவர்கள் தமிழ் வாசிப்பதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.) மேலாடை இல்லாமல் புல்லில் படுத்திருக்கிறவர்களை எல்லாம் பார்த்து, யார் எந்தப் பக்கம் கருகிவிட்டார்கள், யார் திருப்பிப் போடாமல் கிடக்கிறார்கள் என்று நேர்முக வர்ணனை நடக்கும்.

இந்தக் கோடையில் அந்த வாங்கு வெறுமையாகக் கிடந்தது. கமலா அன்ரிக்கு முழங்காலில் ஒப்பரேஷன். அதோடு இன்னொரு செய்தியும் வந்தது. மகன் சட்டன் என்கிற ஊரில் வீடு வாங்கிவிட்டார். மாதக் கடைசியில் குடிபோகிறார்கள். இன்னும் மூன்று கிழமைதான்.

சட்டன் என்ன கனடாவா, பஸ் இருக்கிறதுதானே என்று நான் ராணி அன்ரியைத் தேற்றப் பார்த்தேன்.

"உனக்கு ரெண்டு முழங்காலும் நல்லாயிருக்கு. நீ கதைப்பாய்."

அதற்குப் பிறகு அன்ரி அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஆனால் திரைச்சீலையைக் கொஞ்சம் விலக்கி அடிக்கடி பார்க் பக்கம் பார்ப்பார். சூரியனுக்கு வீட்டைக் காட்டாத ஆள்.

போன கிழமை கமலா அன்ரியிடமிருந்து எனக்குப் போன் வந்தது. ராணி அன்ரிக்கு எடுத்தால் வேலை செய்யவில்லையாம். எப்படி வேலை செய்யும்? யன்னலோரம் வெயிலில் கிடந்து சூடாகிவிட்டது என்று அன்ரி போனைக் கொண்டுபோய்ப் பிரிட்ஜுக்குள் வைத்திருந்தார். யோகட்டுக்குப் பக்கத்தில். அது அங்கேயே உயிரை விட்டிருந்தது.

"தம்பி, ராணியிட்டைச் சொல்லு. இண்டைக்கு நான் நடந்து பாக்கப் போறன். விளக்கு வைக்கிற நேரம் எங்கட வாங்கடிக்கு வரச் சொல்லு."

நான் கீழே போய் அப்படியே சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் நான் ஒழுங்காக ஒப்புவித்திருந்தால் இன்றைக்கு எங்கேயோ இருந்திருப்பேன். அன்றைக்கென்று பார்த்து ஒழுங்காக ஒப்புவித்தேன். எந்த விளக்கு, யாருடைய நேரம் என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஷிப்டுக்கு ஓடிவிட்டேன். போன் லொக்கருக்குள்.

அடுத்த நாள் காலை ராணி அன்ரியின் முகத்தைப் பார்த்தேன். மோர் கேட்கிற முகம் இல்லை அது.

கமலா வரவில்லை என்றார். ஒன்றரை மணித்தியாலம் காத்திருந்தாராம். ஐஸ்பழம் இரண்டு வாங்கி, இரண்டும் கையில் உருகி, கடைசியில் இரண்டு குச்சியோடு வீட்டுக்கு வந்தாராம். போன் எடுத்துக் கேளுங்களேன் என்றேன். வராதவர்தான் எடுக்க வேண்டும் என்றார். போன் பிரிட்ஜால் வெளியே வந்து உயிர் பெற்று, மேசையில் பேசாமல் கிடந்தது. அந்தப் பக்கத்தில் இருந்தும் ஒன்றும் வரவில்லை.

ஒரு நாள், இரண்டு நாள், நாலு நாள். மூன்று கிழமை என்று இருந்தது இரண்டு கிழமையாகத் தேய்ந்துகொண்டு வருகிறது. இரண்டு பேரும் அசையவில்லை. வீட்டில் சிரிப்பு இல்லை. மோர் நின்று போனது. பைப் தண்ணீர் குடித்தேன்.

"சட்டனுக்குப் போக முன்னமே அவ சட்டனுக்குப் போயிட்டா," என்றார் அன்ரி ஒருநாள், பேசினுக்குள் இருந்த காலைப் பார்த்துக்கொண்டு.

ஆறாம் நாள், நேற்று மத்தியானம், அன்ரி என் கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் தந்தார். கமலா அன்ரியின் டப்பா. எப்போதோ அதில் பலகாரம் வந்தது. கொண்டுபோய்க் குடுத்திட்டு வா என்றார். வாங்கினேன்... பாரமில்லை. ஆட்டிப் பார்த்தேன். சத்தமில்லை.

வெறும் டப்பா.

உங்களுக்குத் தெரியும். எங்கள் ஆட்கள் பலகாரம் வந்த டப்பாவை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். ஒன்றும் இல்லாவிட்டால் நாலு மிளகாயாவது போட்டுத்தான் அனுப்புவார்கள். கழுவி, துடைத்து, வெறுமையாக அனுப்புவது என்றால்... நாடுகள் தூதரை வெளியேற்றுகிற மாதிரி. அந்தத் தூதன் நான்.

கமலா அன்ரி ஊன்றுகோலோடு வந்து கதவைத் திறந்தார். டப்பாவை வாங்கினார். மூடியைத் திறந்து பார்த்தார். கனநேரம் பார்த்தார், உள்ளே ஏதோ எழுதியிருக்கிற மாதிரி.

"சரி. வாங்கடிக்கு வராதவ டப்பாவை மட்டும் அனுப்பியிருக்கிறா."

எனக்குக் கோபம் வந்தது. என் மோர் போன கோபம். ராணி அன்ரி வரவில்லை என்று யார் சொன்னது, ஆறு மணிக்கே போய் அந்தக் கொதிக்கிற வெயிலில் ஏழரை வரைக்கும் இருந்தவ என்றேன்.

கமலா அன்ரி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஆறு மணிக்கோ? ராணியோ?"

"பின்னை? நீங்கள் ஆறு மணிக்குத்தானே விளக்கு வைக்கிறனீங்கள்."

அவர் அப்படியே மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். முழங்கால் மடியக் கூடாது என்று டொக்டர் சொன்னதெல்லாம் மறந்து போச்சு.

"நான் ஒன்பதே காலுக்குப் போனனான், தம்பி. வெளிச்சம் போக முன்னம் அவ விளக்கு வைக்க மாட்டாவே. அவவின்ரை நேரத்தைத்தானே சொல்லிவிட்டனான்."

ஒப்பரேஷனுக்குப் பிறகு தனியாக நடந்த முதல் நடை அது. ஐந்து நிமிஷ வழிக்கு இருபது நிமிஷம். வேலையில் இருந்த மகனுக்குக்கூடச் சொல்லவில்லை. போய் வாங்கில் இருந்து சூரியன் போகிறதைப் பார்த்திருக்கிறார். ஜேர்மனியில் இருபத்து மூன்று வருஷமும் பார்க்காத சூரியன். ராணிக்குப் போன் எடுத்தால் நிறுத்தி வைத்திருக்கிறது. வேண்டுமென்றே நிறுத்தியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு திரும்பி நடந்திருக்கிறார்.

விளங்குகிறதா? பன்னிரண்டு வருஷமாக ஒரு நிமிஷம் விட்டுக் கொடுக்காத இரண்டு பேர். விட்டுக் கொடுக்க வேண்டும் என்று வந்த அன்றைக்கு, இரண்டு பேரும் ஒரே நாளில், முழுவதையும் விட்டுக் கொடுத்துவிட்டார்கள். சூரியன்காரி மணிக்கூட்டுக்குப் போயிருக்கிறார். மணிக்கூட்டுக்காரி சூரியனுக்குப் போயிருக்கிறார். நடுவில் இருந்த வாங்குக்குத்தான் ஒன்றும் விளங்கியிருக்காது.



கமலா அன்ரி குசினிக்குப் போனார். பின்னேரத் தேத்தண்ணிக்குச் சுட்ட உளுந்து வடை இருந்தது. டப்பா நிறைய அடுக்கி, மூடி சரியாக மூடவில்லை என்று மேலே ஒரு துவாயைக் கட்டித் தந்தார்.

வீட்டுக்கு வந்து டப்பாவை ராணி அன்ரியின் முன்னால் வைத்தேன். பாரத்தைப் பார்த்ததும் அவருக்குக் கொஞ்சம் விளங்கிவிட்டது. ஆனாலும் தொடவில்லை.

"அன்ரி, கமலா அன்ரி அண்டைக்கு வந்தவ."

"எத்தினை மணிக்கு?"

"உங்கட நேரத்துக்கு."

பேசினுக்குள் இருந்த தண்ணீர் அசையவில்லை. துவாயை அவிழ்த்தார். ஒரு வடையை எடுத்தார், சாப்பிடவில்லை, கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"விசரி," என்றார், மெதுவாக. ஒருத்தியைப் பைத்தியக்காரி என்று இதைவிட மரியாதையாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

பிறகு போனை எடுத்தார். அந்த முழங்காலோடு ஒன்பது மணிக்கு யார் உன்னை நடக்கச் சொன்னது என்று இவர் தொடங்க, அந்த வெயிலுக்குள் உன்னை யார் இருக்கச் சொன்னது என்று அவர்... ஸ்பீக்கர் போடாமலே இரண்டு பக்கமும் எனக்குக் கேட்டது. ஏச்சு அரைமணி நேரம். கடைசியில்தான் சிரிப்பு. அந்தச் சிரிப்புத்தான்.

தீர்ப்பு என்ன? ஆறுக்கும் ஒன்பதே காலுக்கும் நடுவில் ஒரு நேரம். கணக்கு என்னிடம் கேட்டார்கள். நான் கணக்கில் எப்படி என்று என் ஆசிரியர்களைக் கேட்டால் அழுவார்கள். ஏழு நாற்பது என்று சொல்லிவிட்டேன். இரண்டரை நிமிஷம் பிழையாம். கமலா அன்ரி உடனே கண்டுபிடித்துவிட்டார். ஆனால் பொடியன் சொன்னதாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

நேற்றுப் பின்னேரம், ஓடப் போகிறவன் மாதிரிச் சப்பாத்தைக் கட்டிக்கொண்டு நானும் பார்க்குக்குப் போனேன். ஏழு நாற்பதுக்கு வாங்கில் இரண்டு பேர், இரண்டு ஐஸ்பழம். கமலா அன்ரி கைப்பையைத் திறந்து ஒரு சின்ன மெழுகுதிரியை எடுத்தார். பற்றரியில் எரிகிற பிளாஸ்டிக் மெழுகுதிரி. வாங்கின் நடுவில் வைத்து, அடியில் இருந்த சுவிட்சைத் தட்டினார்.

அந்த வெயிலில் அது எரிவது யாருக்குத் தெரியும்? ராணி அன்ரி குனிந்து, இரண்டு கையாலும் மறைத்துப் பார்த்தார்.

"எரியுதோ?"

"எரியுது, எரியுது."

"அப்ப சரி. விளக்கு வைச்சாச்சு. இனி ஆரும் கதைக்கேலாது."

பக்கெற்றில் இரண்டு மெழுகுதிரி இருந்ததாம். ஒன்று சட்டனுக்குப் போகிறது. மற்றது எங்கள் குசினி யன்னலில் இருக்கிறது. மாதக் கடைசிக்குப் பிறகு ஏழு நாற்பதுக்கு இரண்டையும் தட்டிவிட்டுப் போன் எடுப்பதாக ஏற்பாடு. சாமி விளக்கில் மட்டும் மாற்றமில்லை. அங்கே ஆறு, இங்கே ஒன்பதே கால். கொள்கை கொள்கைதான்.

என் போனில் உலகத்தில் உள்ள எல்லா மணிக்கூடும் இருக்கிறது. நண்பர்கள் எந்தத் தெருவில் நிற்கிறார்கள் என்று நீலப் புள்ளியில் காட்டும். இன்னொருவருடைய நேரம் எது என்று அது இதுவரைக்கும் எனக்குக் காட்டவில்லை. எழுபது வயதுக்காரிகள் இரண்டு பேர், ஒருவருடைய நேரத்தை மற்றவர் நெஞ்சில் வைத்திருக்கிறார்கள். நேருக்கு நேர் ஒத்துக்கொள்ளத்தான் மாட்டார்கள்.

இதோ, கீழே கதவு திறபடுகிறது. ஏழரை. ராணி அன்ரி குடையோடு வெளிக்கிட்டுவிட்டார். படியடியில் நின்று மேலே பார்த்துக் கேட்கிறார்.

"தம்பி, நீ ஆறு மணிக்கு எங்கையோ போக வேணும் எண்டெல்லோ சொன்னனி?"

ஐயோ. நிசாந்தன். ஸ்ரேசன் வாசல்.

ஒன்றரை மணித்தியாலம். அந்த வெயிலில். அவசரமாக ஒரு மெசேஜ் போட்டேன்: மச்சான், மன்னிச்சுக்கொள், எழுதிக்கொண்டு இருந்திட்டன், இப்ப ஓடி வாறன், எங்கை நிக்கிறாய்?

உடனே பதில் வந்தது.

"ஓடாதை, உன்ர ஆறு மணி எப்ப வரும் எண்டு எனக்குத் தெரியும் மச்சான், நான் இப்பதான் குளிக்கப் போறன்."